மசாஜ்காரிகள் வைத்த சங்கம்

"பிள்ளை, நீர் என்ன படிக்கிறீர்?"

"பிசியோதெரபி அக்கா."

"ஓ... மசாஜோ?"

கீழ் வீட்டு யாழ்ப்பாணத்து அக்கா கேட்டது. பாவம், அவங்களைச் சொல்லிக் குத்தமில்லை. காட்பாடியில இருந்து கெளம்பும்போது எங்க பெரியப்பாவும் இதையேதான் கேட்டார். "கைகால் பிடிச்சு விடறதுக்கா இம்புட்டு தூரம் போற?" நாலரை வருஷம் பி.பி.டி. படிச்சு முடிச்சு, இங்கே மாண்ட்ரியலுக்கு மறுவாழ்வு அறிவியல்ல மாஸ்டர்ஸ் பண்ண வந்து, மைனஸ் இருபது டிகிரியில பஸ்சுக்கு நின்னா, இந்தக் கேள்வி மட்டும் கூடவே விமானம் ஏறி வந்திருக்கு :-)

சரி, மேட்டருக்கு வருவோம். போன வாரம் எங்க டிபார்ட்மெண்ட் மாணவர் சங்கத்துல இருந்து ஒரு மெயில். வெளிநாட்டு மாணவர்கள் சார்பா ஒரு பிரதிநிதி வேணுமாம், நிக்கறியான்னு கேட்டிருந்தாங்க. பதில் எழுத உட்கார்ந்தேன். "நேரமில்லை, மன்னிக்கவும்"னு டைப் அடிச்சேன். அனுப்பாம மூடி வெச்சேன். ஏன் அனுப்பலைங்கறதுதான் இந்தப் பதிவு. நடுவுல நிறைய வரலாறு வரும், பொறுத்துக்கோங்க மக்களே.

நான் குடியிருக்கறது அஹுன்ட்சிக்-கார்ட்டியர்வில். மாண்ட்ரியல் தீவோட வடக்கு ஓரம். தெருக்கோடியில ரிவியேர் டே ப்ரேரின்னு ஒரு ஆறு. ஆத்துக்கு அந்தப் பக்கம் லவால். தமிழ்க் கடைகள் எல்லாம் தெற்கே பார்க் எக்ஸ்டென்ஷன்ல, கோட்-டே-நேஜ்ல. இங்கே லெபனான்காரங்க ரொட்டிக் கடை, ஹெய்ட்டிக்காரங்க சர்ச், நடுவுல அங்கங்கே நம்மாளுங்க. ஹென்றி-பூராஸா மெட்ரோவுல இறங்கி 69-ஆம் நம்பர் பஸ் பிடிச்சா, குவான் சாலையில ஆத்தை ஒட்டியே மேற்கே போகும். 1912-ல் திறந்த போர்தோ சிறைச்சாலை வரும். அதைத் தாண்டி இன்னும் போனா ஒரு பெரிய கட்டடம், நடுவுல கோபுரம் மாதிரி. அதுதான் சாக்ரே-கேர் மருத்துவமனை. தமிழ்ல சொன்னா திரு இருதய மருத்துவமனை. தினமும் பஸ் ஜன்னல்ல பார்க்கறேன். பெரிய விபத்துகள், முதுகுத்தண்டு அடிபட்டவங்க இதுக்கெல்லாம் பேர்போன இடம்.

இந்த மருத்துவமனையின் தொடக்கம் 1898. அப்போது அதன் பேரே 'தீராத நோயாளிகள்' இல்லம். கன்னியாஸ்திரிகள் நடத்தினார்கள். 1926-ல் கார்ட்டியர்வில்லுக்கு இடம் மாறியது. நகரத்தை விட்டுத் தள்ளி, ஆற்றங்கரை, நல்ல காற்று. எதற்கு? காசநோய்க்கு. நம்ம தாம்பரம் சானடோரியம் இருக்கே, அதுவும் கிட்டத்தட்ட அதே சமயம்தான், 1928. ஸ்டேஷன் பேர் மட்டும்தான் இப்போ நிறைய பேருக்குத் தெரியும். மருந்து இல்லாத காலத்தில் உலகம் முழுக்க ஒரே வைத்தியம்தான்: நல்ல காற்று, நல்ல சாப்பாடு, படுக்கை, பிரார்த்தனை.

அது பத்தலைன்னா கத்தி. அந்தக் கத்தியோட 1933-ல் இந்த மருத்துவமனைக்கு வந்தவர் நார்மன் பெத்யூன். ஆங்கிலம் பேசற புராட்டஸ்டண்ட் வீட்டுப் பிள்ளை, முன்கோபி. அவரை பிரெஞ்சு பேசும் கத்தோலிக்கக் கன்னியாஸ்திரிகள் நெஞ்சு அறுவைப் பிரிவுக்குத் தலைவராக வைத்தார்கள். அவருக்கே 1926-ல் காசநோய் வந்து, நியூயார்க் மாநிலத்துல ட்ரூடோ சானடோரியத்தில் படுத்திருந்தவர். நோயுற்ற நுரையீரலைச் சுற்றிக் காற்றைச் செலுத்தி, அதைச் சுருங்க வைத்து ஓய்வு கொடுக்கும் சிகிச்சையைத் தனக்குச் செய்யச் சொல்லிச் சண்டை போட்டு வாங்கிப் பிழைத்தவர். பிழைத்த பிறகு அதே துறையில் சர்ஜன் ஆனார். விலா எலும்பை வெட்டும் கத்தரி ஒன்று இன்றும் அவர் பேரில் இருக்கிறது.

காற்றுச் சிகிச்சை பலிக்காதவங்களுக்கு அடுத்த கட்டம் தொராகோபிளாஸ்டி. ஒரு பக்கத்து விலா எலும்புகளை வரிசையாக வெட்டி எடுத்து, நெஞ்சுக்கூட்டை உள்வாங்க வைத்து, அந்த நுரையீரலை நிரந்தரமாக அமுக்கிவிடுவது. படிக்கும்போதே வலிக்குது இல்லையா? ஆபரேஷன் ஜெயிச்சா நோயாளி பிழைப்பார். ஆனா உடம்பு? ஒரு பக்கம் எலும்பு இல்லாததால் முதுகெலும்பு வளையும், தோள் இறங்கும், கை மேலே தூக்க வராது. பிழைத்த மனுஷன் கண்ணாடி முன்னால சட்டை போடும்போது தன்னையே பார்க்கச் சகிக்காது. அப்போ யாராவது ஒருத்தர் கட்டில் பக்கத்துல நின்னு, "தோளைத் தூக்குங்க, மூச்சை இந்தப் பக்கம் இழுங்க, இன்னொரு தரம்"னு நாள்தோறும் சொல்லிக்கிட்டே இருக்கணும். லண்டன் பிராம்ப்டன் மருத்துவமனையில் 1930-களில் இந்த மூச்சுப் பயிற்சியையும் நிமிர்ந்து நிற்கும் பயிற்சியையும் ஒழுங்குமுறையாக வளர்த்தது பிசியோதெரபிஸ்டுகள். வெட்டினவர் பேர் கத்தரியில இருக்கு. நிமிர்த்தினவங்க பேர் எங்கேயும் இல்லை.

பெத்யூன் இதோட நின்றிருந்தால் நல்ல சர்ஜன் என்ற அளவில் முடிந்திருப்பார். ஆபரேஷன் பண்ணி அனுப்பின ஆள் அதே இருட்டு அறைக்கு, அதே பட்டினிக்குத் திரும்பிப் போய் மறுபடி நோயோடு வருவதைப் பார்த்துப் பார்த்து வெறுத்துப்போனார். பொருளாதார மந்தக் காலம். 1935 கடைசியில் நகரத்து டாக்டர்கள், நர்சுகள், பல் டாக்டர்கள், சமூகப் பணியாளர்கள் என்று ஒரு கூட்டத்தைச் சேர்த்தார். மக்கள் உடல்நலப் பாதுகாப்புக்கான மாண்ட்ரியல் குழு என்று பேர். டாக்டர் தலையில், மற்றவர்கள் காலடியில் என்றிருந்த காலத்தில் எல்லோரும் ஒரே மேசையில் உட்கார்ந்து நாட்டுக்கு எப்படிப்பட்ட மருத்துவம் வேண்டும் என்று பேசினார்கள். 1936 ஆகஸ்டில் கியூபெக் தேர்தல் வந்தபோது தங்கள் திட்டங்களை எழுதி வேட்பாளர்களுக்கு அனுப்பினார்கள்.

என்ன ஆச்சு? ஒண்ணும் ஆகல. யாரும் கண்டுக்கல. அந்த அக்டோபர்லயே பெத்யூன் ஸ்பெயின் போருக்குக் கெளம்பிட்டார். பிறகு சீனா. 1939 நவம்பரில், ஆபரேஷன் செய்யும்போது விரலில் பட்ட காயம் சீழ்பிடித்து அங்கேயே செத்துப்போனார். அவர் பேரில் அமைந்த சர்வதேச சமாதான மருத்துவமனைக்குப் பின்னால் தலைவரானவர் நம்ம ஊர் டாக்டர் கோட்னிஸ். சாந்தாராம் 1946-ல் எடுத்த படத்தை ஞாபகம் இருக்கறவங்க இருப்பீங்க.

கியூபெக்கில் எல்லோருக்குமான மருத்துவக் காப்பீடு வந்தது 1970 நவம்பர் 1-ல். மேசையைச் சுற்றி உட்கார்ந்து 34 வருஷம் கழித்து. தோத்துப்போன அறிக்கைகளுக்கும் ஆயுள் கொஞ்சம் நீளம்தான் போல.

இவ்வளவும் படிச்சப்போ எனக்கு ஒரு சந்தேகம் வந்துச்சு. சரி, இது டாக்டர் கதை. பேர் இருக்கறவங்க கூட்டம் போட்டா ஊர் திரும்பிப் பார்க்கும். அக்கா சொல்ற 'மசாஜ்காரிங்க' கூட்டம் போட்டா?

போட்டிருக்காங்க. அதுலதான் எங்க தொழிலே பொறந்திருக்கு.

லண்டன், 1894. அங்கே மசாஜ் ரொம்ப ஃபேஷன். நர்சுகளும் மருத்துவச்சிகளும் முறையாகக் கற்று நோயாளிகளுக்குச் செய்துவந்தார்கள். இன்னொரு பக்கம் 'மசாஜ்' என்று பலகை மாட்டி வேறு தொழில் நடந்தது. அந்தக் கோடையில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் இதை அம்பலப்படுத்தி எழுதியது. நல்லது செய்யப்போக, ஊரில் இருக்கும் எல்லா மசாஜ் பெண்கள் மேலும் கறை. மானமா வேலை பார்த்தவங்க தலைகுனிஞ்சு நடக்க வேண்டியதாப் போச்சு. அப்போ லூசி ராபின்சன், ரோசலிண்ட் பேஜெட், எலிசபெத் மேன்லி, மார்கரெட் பாமர்னு நாலு பேர் சேர்ந்து பயிற்சி பெற்ற மசாஜ் பெண்கள் சங்கம் ஒன்றைத் தொடங்கினார்கள். தேர்வு வைத்தார்கள், சான்றிதழ் கொடுத்தார்கள், விதிகள் எழுதினார்கள். 1920-ல் அரச சாசனம் கிடைத்தது. 1944-ல் அது பிசியோதெரபி சங்கம் என்று பேர் மாறியது. இன்றைக்கும் பிரிட்டனில் அதுதான் எங்கள் தொழிலின் தாய்ச்சங்கம்.

அந்த விதிகளைக் கொஞ்சம் கவனிக்கணும். டாக்டர் சொல்லாமல் யாருக்கும் சிகிச்சை செய்யக்கூடாது. ஆண்களுக்குப் பொதுவாக மசாஜ் கிடையாது. பொதுப் பத்திரிகைகளில் விளம்பரம் கிடையாது. நோயாளிக்கு மருந்து விற்கக்கூடாது. முதல் தடவை படிச்சப்போ எனக்குக் கோபம்தான் வந்துச்சு. உரிமைக்காகச் சங்கம் வெச்சு, முதல் வேலையா டாக்டர் காலடியில போய் உட்கார்ந்துட்டாங்களேன்னு. அப்புறம் யோசிச்சா வேற மாதிரி தோணுது. வீதியில பேர் கெட்டுக் கிடக்குது. ஓட்டுரிமைகூட இல்லாத பெண்கள். கையில இருந்த ஒரே காசு மரியாதை. அதைச் சேர்த்து வைக்கறதுக்கு சுதந்திரத்தை அடகு வெச்சாங்க. அடகு வெச்சதை மீட்கப் பல தலைமுறை ஆச்சு. டாக்டர் சீட்டு இல்லாமல் நோயாளியைப் பார்க்கக்கூடாது என்ற விதியை ஆஸ்திரேலியச் சங்கம் 1976-ல் தூக்கியது. பிரிட்டனில் 1977-ல் அரசு சுற்றறிக்கை வந்தது. நான் இருக்கும் கியூபெக்கில் 1990. கிட்டத்தட்ட நூறு வருஷம், வட்டியும் முதலுமாகக் கட்டியிருக்காங்க.

கனடாவுக்கு இந்தத் தொழிலைக் கொண்டுவந்து நிறுத்தியது முதல் உலகப்போர். கைகால் போனவர்கள், குண்டடி பட்டு மூட்டு விறைத்தவர்கள் கப்பல் கப்பலாகத் திரும்பினார்கள். பார்க்க ஆளில்லை. 1917-ல் டொரோண்டோ பல்கலைக்கழகத்தில் மாணவர்களுக்காகக் கட்டி முடியாமல் இருந்த ஹார்ட் ஹவுஸ் கட்டடத்தில் ராணுவப் பயிற்சிப் பள்ளி ஒன்றைத் திறந்தார்கள். இளம்பெண்களுக்குச் சில மாதப் படிப்பு. படிச்ச கையோட ஆஸ்பத்திரி வார்டு. போர் முடிஞ்சதும் "நன்றி, வீட்டுக்குப் போங்க" கட்டம் வந்தது. எல்லாப் போருக்குப் பின்னாலும் பெண்களுக்கு இந்தக் கட்டம் வரும்.

அவர்கள் போகவில்லை. 1920 மார்ச்சில் கனடிய மசாஜ் மற்றும் மருத்துவ உடற்பயிற்சிச் சங்கத்தைப் பதிவு செய்துவிட்டார்கள். இதில் முன்னின்றவர் எனிட் ஃபின்லே, கல்யாணத்துக்கப்புறம் எனிட் கிரஹாம். கனடாவில் எங்கள் தொழிலின் தாய் என்றே இவரைச் சொல்வார்கள். இவர் பேரில் ஒரு நினைவுச் சொற்பொழிவு இருக்கிறது. அதைப் பேச அழைக்கப்படுவதுதான் இங்கே எங்கள் ஆட்களுக்குப் பெரிய கௌரவம். 1935-ல் சங்கத்தின் பேரில் இருந்து மசாஜ் போய் பிசியோதெரபி வந்தது. ஆக, அக்காவோட கேள்விக்குப் பதில் சொல்ல ஒரு சங்கத்துக்கே 15 வருஷம் ஆகியிருக்கு. நான் ரெண்டு வருஷத்துல அலுத்துக்கறேன் :-)

அடுத்த போர் வந்தது, அடுத்த படி ஏறினார்கள். 1943-ல் மெக்கில் பல்கலைக்கழகத்தில் பிசியோதெரபிப் பள்ளி. போர் முடிந்து முதுகுத்தண்டு அடிபட்ட சிப்பாய்கள் மாண்ட்ரியல் வந்தபோது, அவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை குஸ்தாவ் ஜாங்ராஸ் என்ற இளம் ராணுவ டாக்டர் தலையில் விழுந்தது. அந்தக் காலத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தவருக்கு எதிர்காலம் என்று ஒன்றை யாரும் யோசித்ததில்லை. சீக்கிரம் சாகப்போற ஆளுக்கு எதுக்குப் பயிற்சி? இவர் யோசித்தார். 1949-ல் மாண்ட்ரியல் மறுவாழ்வு நிலையத்தைத் தொடங்கினார். கொஞ்ச நாளிலேயே புரிந்தது, டாக்டர் ஒருத்தரால் ஒன்றும் ஆகாது, தினமும் நோயாளியைத் தூக்கி நிறுத்த ஆள் வேண்டும். பிரெஞ்சு மொழியில் அந்தப் படிப்பே இல்லை. 1954-ல் மாண்ட்ரியல் பல்கலைக்கழகத்தில் அதற்கும் ஒரு பள்ளி.

இந்த ஆள் கதையில எனக்குப் பிடிச்ச இடம் மொராக்கோ. 1959 செப்டம்பரில் மெக்னெஸ் நகரத்திலும் சுற்றுவட்டாரத்திலும் திடீர்னு ஆயிரக்கணக்கான பேருக்குக் கால் விழுந்துவிட்டது. கை விரல் செயலிழந்தது. தொற்றுநோயா, சாபமா என்று ஊரே நடுங்கியது. கடைசியில் பார்த்தால் சமையல் எண்ணெய். விமான எஞ்சினுக்குப் போடும் எண்ணெயை மலிவாக வாங்கிக் கலந்து விற்றிருக்கிறார்கள். சுமார் 10,000 பேர் பாதிக்கப்பட்டார்கள். மருந்து கிடையாது. நரம்பு தானாகத் தேறும்வரை தசையைக் காப்பாற்றி, மூட்டு விறைக்காமல் பார்த்து, மறுபடி நடக்கப் பழக்க வேண்டும். அது மட்டும்தான் வைத்தியம். அதாவது முழுக்க முழுக்க எங்க வேலை. செஞ்சிலுவைச் சங்கங்கள் பல நாடுகளிலிருந்து பிசியோதெரபிஸ்டுகளை அனுப்பின. ஜாங்ராஸ் அந்த மறுவாழ்வுப் பணியை ஒருங்கிணைத்தார். சுமார் ஒன்றரை வருஷ உழைப்பு. பெரும்பாலானவர்கள் தேறினார்கள். மருந்தோ கத்தியோ ஒன்றும் செய்ய முடியாத இடத்தில், பிடித்து நடக்கவைத்தே ஊரை மீட்டிருக்கிறார்கள்.

இதையெல்லாம் கனடாவுக்கு வந்து லைப்ரரியில உட்கார்ந்து படிச்சேன். கடைசியில இந்தக் கதை திரும்பி வந்து நின்ன இடம் எங்கன்னு நினைக்கறீங்க? எங்க வீட்டுல இருந்து பாலாறு தாண்டினா வேலூர்!

1940-களின் கடைசியில் வேலூர் சி.எம்.சி.யில் பால் பிராண்ட் தொழுநோயாளிகளின் மடங்கிப்போன கைகளை ஆபரேஷன் செய்ய ஆரம்பித்தார். வேறு வேலை செய்துகொண்டிருந்த நல்ல தசைநார் ஒன்றை எடுத்து, செத்துப்போன தசையின் வேலைக்கு மாற்றிக் கட்டுவது. கேட்க எளிது. ஆனால் மூளைக்கு இது தெரியாதே? அது பழைய வேலைக்கான கட்டளையைத்தான் அனுப்பும். தொழுநோயில் உணர்ச்சியும் இருக்காது, விரல் எங்கே இருக்குன்னு கண்ணால பார்த்துத்தான் தெரிஞ்சுக்கணும். வாரக்கணக்கில் உட்கார வைத்து, 'இதை நினைச்சா அது அசையும்' என்று புதுசாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும். அந்தப் பயிற்சியை அங்கே உருவாக்கியவர்களில் முக்கியமானவர் ரூத் தாமஸ் என்ற பிசியோதெரபிஸ்ட். அவங்க இல்லைன்னா அழகாத் தைச்ச கை, அசையாத கையாவே இருந்திருக்கும்.

அதே வேலூரில் மேரி வர்கீஸ். 1954 ஜனவரியில் கார் விபத்து, இடுப்புக்குக் கீழே செயலிழந்தது. இளம் டாக்டர், எதிர்காலம் முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு ஆபரேஷன் செய்தார். ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் பயிற்சி எடுத்து, நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் படித்துவிட்டுத் திரும்பிவந்து, 1963-ல் வேலூரில் அந்தத் துறைக்குத் தலைவரானார். 1966-ல் அங்கே மறுவாழ்வு நிலையம் வந்தது. 1972-ல் பத்மஸ்ரீ. நான் சின்ன வயசுல அந்தப் பக்கம் பஸ்ல போகும்போதெல்லாம் 'கைகால் ஆஸ்பத்திரி'ன்னுதான் தெரியும். நடத்தினது யாருன்னு தெரியாது. பெத்யூன் மாதிரிதான் பாருங்க, படுக்கையில கிடந்தவங்கதான் துறையைத் தூக்கி நிறுத்தியிருக்காங்க.

இந்தியாவில் எங்கள் ஆட்களும் சும்மா இருக்கவில்லை. 1953-ல் மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் முதல் பிசியோதெரபிப் பள்ளி. போலியோ காலம், தேவை அப்படி. 1955-லேயே அகில இந்தியச் சங்கம் வைத்துவிட்டார்கள். 1967-ல் உலகக் கூட்டமைப்பிலும் உறுப்பினர். ஆனா நாட்டுல ஒரு சட்டம்? டாக்டருக்கு கவுன்சில் உண்டு, நர்சுக்கு உண்டு, மருந்தாளுநருக்கு உண்டு. எங்களுக்கு? 2007-ல் ஒரு மசோதா நாடாளுமன்றத்துக்கு வந்து அப்படியே காலாவதியாகிப் போனது. தேசிய அளவில் சட்டம் நிறைவேறியது 2021-ல். சங்கம் வைத்து 66 வருஷம். அதுவரைக்கும் ஆறு மாசக் கோர்ஸ் முடிச்சவரும் போர்டு மாட்டலாம், நாலரை வருஷம் படிச்சவரும் மாட்டலாம். பெரியப்பா 'கைகால் பிடிச்சு விடறது'ன்னு சொன்னதுல தப்பே இல்லை. வித்தியாசம் இருக்குன்னு சொல்ல வேண்டிய சட்டமே சொல்லல.

கியூபெக்ல வேற மாதிரி. 1970-களிலேயே தொழில்களுக்கு என்று தனிச் சட்டம் போட்டு, ஒவ்வொரு தொழிலுக்கும் 'ஆர்டர்' என்ற அமைப்பு வைத்துவிட்டார்கள். அதன் அனுமதி இல்லாமல் யாரும் தன்னை பிசியோதெரபிஸ்ட் என்று சொல்லிக்கொள்ளக்கூடாது. நான் உட்பட! கீழ் வீட்டு அக்கா, "என்ட முழங்காலையும் ஒருக்காப் பாரும் பிள்ளை"ன்னு கேட்டப்போ சிரிச்சு மழுப்பினேன். அரசு ஆஸ்பத்திரியில மாசக்கணக்கா பேர் கொடுத்துட்டுக் காத்திருக்காங்க. தனியார் கிளினிக் போனா கைக்காசு. எனக்கு வைத்தியம் தெரியும், செய்யக்கூடாது. இந்தக் கதவுக்கு வெளியே நிக்கறப்போ எரிச்சலாத்தான் இருக்கு. ஆனா இதே மாதிரிக் கதவு ஊர்ல இல்லாததால என்ன ஆச்சுன்னும் நான் பார்த்திருக்கேன். ரெண்டையும் பார்த்தவள் வாயைத் திறந்து பேசினா ஏதாவது பிரயோஜனம் இருக்குமோன்னு தோணுச்சு. கதவு வேண்டாம்னு சொல்லல. தட்டறவங்களுக்கு எத்தனை மாசத்துல பதில் வரும், பிரெஞ்சுத் தேர்வுக்கு யார் உதவுவாங்க, எந்தப் பாடம் எடுத்தா போதும், இதையெல்லாம் வந்த முதல் நாளே யாராவது சொல்லியிருக்கலாம் இல்ல?

இப்போ அந்த மெயில் விஷயம். 'நேரமில்லை'ங்கறது பொய். உண்மைக் காரணத்தை இதுவரை யார்கிட்டயும் சொன்னதில்ல.

ஊர்ல படிச்சப்போ கடைசி ஆறு மாசம் இன்டர்ன்ஷிப். காலை எட்டு மணிக்குப் போனா சாயங்காலம் வரைக்கும் வார்டு, ஓ.பி., எல்லாம் நாங்கதான். உதவித்தொகை ஒரு பைசா கிடையாது. பஸ் காசு, சாப்பாடு எல்லாம் வீட்டுக் காசு. பேட்ச்ல ஒரு பொண்ணு, அப்பா நெசவாளி, கணக்குப் போட்டுப் பார்த்துட்டு ஒரு மனு எழுதினா. ரொம்ப மரியாதையான மனு. நாலு வரி. எல்லாரும் கையெழுத்துப் போட்டா முதல்வர்கிட்ட கொடுக்கலாம்னு கேண்டீன்ல ஒவ்வொரு மேசையா வந்தா. நான் பேனாவைக் கையில எடுத்தேன். "இன்டர்னல் மார்க் அவங்க கையில இருக்குடி"ன்னு பக்கத்துல இருந்தவ சொன்னா. பேனாவை மூடிட்டேன். "வீட்ல கேட்டுச் சொல்றேன்"னேன். அவ என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துட்டு அடுத்த மேசைக்குப் போயிட்டா.

மொத்தம் ஒன்பது கையெழுத்து. நாப்பது பேர்ல ஒன்பது. மனுவை வாங்கி வெச்சுக்கிட்டாங்க, அவ்வளவுதான். அவளை யாரும் அடிக்கல, திட்டல. ஆனா வைவால அவளுக்கு மட்டும் முக்கால் மணி நேரம். அதுக்கும் மனுவுக்கும் சம்பந்தம் இருந்துச்சான்னு சத்தியமா எனக்குத் தெரியாது. எனக்கு நல்ல மார்க் வந்துச்சு. அதை வெச்சுத்தான் இங்கே அட்மிஷனே. விண்ணப்பத்துல 'தலைமைப் பண்பு'ன்னு ஒரு கட்டம் இருந்தது. அதுல கல்லூரி ஆண்டு விழா ஒருங்கிணைப்பாளர்னு எழுதினேன். சேர் போட்டது, வடை எண்ணினது எல்லாம் அதுல அடக்கம்.

அந்தக் கட்டத்துல எழுத வேண்டிய பேர் அவளோடது.

பெத்யூன் குழு தோத்துச்சு. லண்டன் பெண்கள் பாதி ஜெயிச்சு மீதியை அடகு வெச்சாங்க. இந்தியச் சங்கம் 66 வருஷம் காத்துக் கெடந்துச்சு. யாருக்கும் தன் காலத்துல முழுசாக் கைக்கு வந்ததில்ல. அப்போ அந்த ஒன்பது கையெழுத்தும் இந்த வரிசையில சேராதா? சேரும்னுதான் நினைக்கறேன். பத்தாவதா நான் இருந்திருக்கலாம்.

நேத்து ராத்திரி அவளுக்கு ரெண்டு வரி எழுதினேன், நாலு வருஷத்துக்கப்புறம். இப்போ திருவண்ணாமலைப் பக்கம் ஒரு கிளினிக்ல இருக்கா. காலைல பதில் வந்திருந்தது. "அதெல்லாம் இன்னுமா ஞாபகம் வெச்சிருக்கே? நான் மறந்தே போயிட்டேன்டி. அங்க குளிர் எப்படி?" அவ்வளவுதான். மறந்திருக்க மாட்டா.

அப்புறம் மாணவர் சங்கத்துக்கும் பதில் அனுப்பிட்டேன். நிக்கறேன்னு. வர்ற வியாழக்கிழமை கூட்டம். மூணு நிமிஷம் பிரெஞ்சுல பேசணுமாம். எழுதி வெச்சு ரூம்ல சத்தமாப் படிச்சுப் பார்த்தேன். கீழ் வீட்டு அக்கா கதவைத் தட்டி, "என்ன பிள்ளை, ஆரோடை சண்டை?"ன்னு கேட்டாங்க.

டிஸ்கி: அக்காவுக்கு இப்போ பிசியோதெரபின்னா மசாஜ் இல்லைன்னு முழுசா விளக்கிட்டேன். 1894-ல இருந்து ஆரம்பிச்சு. பொறுமையாக் கேட்டுட்டு, "அப்ப எல்லாம் விளங்குது. முழங்காலை மட்டும் எப்ப பாப்பீர்?"ங்கறாங்க. என்னத்தச் சொல்ல!